படத்தின் பின்பக்கம்

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன் தண்டவாளத்தையும் பாலத்தையும் பற்றித்தான் எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுத விரும்புவது நம் வீடுகளில் இருக்கும் போட்டோக்களைப் பற்றி. ஆனாலும் பழக்க தோஷம், பாலத்தைச் சொல்லாமல் தொடங்க முடியவில்லை.

ரயில் பாதையில் எவ்வளவு சிறிய மதகாக இருந்தாலும் அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண் மதகின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஆற்றுப் பாலமானால், வெள்ளம் இதுவரை அதிகமாக வந்த மட்டத்தைத் தூணில் கோடாகப் போட்டு, பக்கத்தில் ஆண்டையும் எழுதி வைப்போம். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், காலமாகியும் இருப்பார். நாற்பது வருடம் கழித்து மழைக்காலத்தில் அங்கே வந்து நிற்கும் இளம் இன்ஜினியருக்கு அந்தக் கோடும் ஆண்டும்தான் துணை. ஆண்டு எழுதாத கோடு வெறும் பெயிண்ட். பெயர் எழுதாத போட்டோவும் அப்படித்தான் என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லப் போகிறேன், அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். 1981-ல் சிவில் டிப்ளமாவோடு அப்போதைய தென்கிழக்கு ரயில்வேயின் நாக்பூர் டிவிஷனில் சேர்ந்தேன். 2003-ல் எங்கள் டிவிஷன் தென்கிழக்கு மத்திய ரயில்வேக்குப் போயிற்று. நான் 2019-ல் ஓய்வு பெற்று நாக்பூரிலேயே தங்கிவிட்டேன். உங்களில் பலருடைய கதையும் ஏறக்குறைய இதுதான்.

2016-ல் அம்மா காலமானார்கள். ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் 63 படங்கள். தடித்த அட்டையில் ஒட்டி, ஸ்டுடியோ பெயரை அச்சு மேடாகப் பதித்தவை சில. கன்னத்தில் லேசாகச் சிவப்பு தீட்டியவை இரண்டு. மீதி எல்லாம் சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏதாவது இருந்தது ஒன்பதில் மட்டும். அந்த ஒன்பதிலும் ஐந்தில் ஸ்டுடியோ முத்திரைதான். அப்பாவின் கையெழுத்து இருந்தவை நான்கே நான்கு.

அதில் அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. படத்தில் இருந்தவர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள், அல்லது அடுத்த கல்யாணத்தில் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்த எந்தப் பெரியவரும், ‘இது நம்ம சின்னம்மா, வளைகாப்புக்கு எடுத்தது’ என்று சொல்லிவிடுவார். ஊரே பதிவேடாக இருந்தது. அந்தப் பதிவேட்டை விட்டுவிட்டு ரயிலேறி வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் அத்தை மாமனை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் கோடை விடுமுறையில் பத்து நாள் பார்த்தவர்கள். பேரப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. என் எட்டு வயதுப் பேரன் என் அம்மாவின் படத்தைக் காட்டி, ‘இந்த ஓல்ட் லேடி யாரு தாத்தா?’ என்று கேட்டான். கேட்டானே என்று சந்தோஷம்தான். கேட்கும்போது பதில் சொல்ல நான் இருந்தேன்.

2022 டிசம்பரில் அந்த 63 படங்களையும் எடுத்துக்கொண்டு மயிலாடுதுறையில் இருந்த மூத்த அக்காவிடம் போனேன். நாங்கள் ஆறு பேர், நான் கடைசி. அக்காவுக்கும் எனக்கும் பதினேழு வயது வித்தியாசம். அவர்களுக்கு அப்போது எண்பது. மூன்று மத்தியானம் உட்கார்ந்தோம். முதல் நாள் ‘இது யார்?’ என்று கேட்டால் ‘தெரியலையே தம்பி’ என்றே பதில் வந்தது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். இது எந்த இடம், என்ன விசேஷம், இந்தப் புடவை யாருடையது என்று கேட்டேன். உடனே வந்தது.

“இது ஸ்டுடியோ நாற்காலி இல்ல தம்பி, நம்ம கூடத்து நாற்காலி. கால்ல கட்டுக்கம்பி சுத்தியிருக்கு பாரு. அப்படின்னா இது எனக்கு நிச்சயம் பண்ணுன வருஷம். அப்ப பின்னாடி நிக்கிறது பெரிய அத்தை மாப்பிள்ளை.”

இப்படி நாற்காலியிலிருந்து வருஷமும், வருஷத்திலிருந்து ஆளும் கிடைத்தது. வீட்டில் பெரியவர்களிடம் படத்தைக் காட்டப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகத்தைக் கேட்காதீர்கள், முதலில் இடத்தைக் கேளுங்கள்.

ஒரு படத்தில் அப்பா பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். எண்ணெய் வைத்து வாரிய தலை, அளவு பெரிதான அரைக்கால் சட்டை, இடுப்பில் ஒரு குழந்தை. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள். பெரிய அத்தை மகன், எனக்கு அத்தான் முறை. அத்தை இறந்த பிறகு மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்து படித்தாராம். பதினாறு வயதில் பம்பாய்க்குப் போகிறேன் என்று போனவர். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. “இடுப்புல இருக்கிறது நீதான். ஒனக்கு நடை பழக்குனதே அவன்தான்” என்றார்கள்.

எனக்கு அப்போது 63 வயது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுத்ததில்லை. நாக்பூரிலிருந்து பம்பாய் ஒரு ராத்திரிப் பயணம், வேலை விஷயமாகப் பல முறை போய் வந்திருக்கிறேன்.

மூன்று நாளில் 49 படங்களுக்குப் பெயர் எழுதினோம். 14 படங்களில் இருப்பவர்களை அக்காவுக்கும் தெரியவில்லை. 2024-ல் அக்கா காலமானார்கள். அந்த 14 படங்களை இனி யாரிடமும் காட்டிப் பயனில்லை. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

இனி நாமே எடுத்த படங்களுக்கு வருகிறேன். நான் முதலில் பிடித்தது என் மாமா கொடுத்த ஆக்பா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். நாக்பூர் கடையில் ‘இந்து’ பிலிம் டப்பாவைப் பார்க்கும்போது ஒரு பெருமை, ஏனென்றால் அது நம் உதகமண்டலத்தில் செய்தது. 1960-ல் நிறுவப்பட்ட அந்தத் தொழிற்சாலை இன்று ஓடவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன, 1990-களில் யாஷிகாவில் எடுத்த கலர் படங்கள்தான் சிவந்துகொண்டு வருகின்றன. கறுப்பு வெள்ளையில் உருவமாக நிற்பது வெள்ளி, கலரில் சாயம். சாயம் வெளுக்கும். ரகு ராயும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தான் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். ஒற்றுமை அதோடு சரி.

36 படத்துக்கான கலர் ரோல் பொங்கலில் போட்டால் தீபாவளி வரை ஓடும். முடிந்தால்தான் கழுவக் கொடுப்போம். அதனால் என்ன நன்மை என்றால், எதை எடுப்பது என்று யோசித்தோம். என்ன தீமை என்றால், விசேஷத்தை மட்டும் எடுத்தோம். நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். பிறந்த நாள் கேக், தாஜ்மகாலுக்கு முன்னால் கட்டை விரல் அளவுக்குக் குடும்பம், கன்னியாகுமரியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் மாமியார். ஊருக்குப் போகிற ஜி.டி. எக்ஸ்பிரஸில் விஜயவாடா வந்ததும் ஜன்னல் வழியே எடுத்த கிருஷ்ணா பாலம் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். இரும்புச் சட்டம், இன்னொரு இரும்புச் சட்டம், நடுவில் கொஞ்சம் தண்ணீர். பாலத்தை விற்பனைக்கு எடுத்த மாதிரி இருக்கும்.

அதே பயணத்தில் வேறு எத்தனை இருந்தன! ஹோல்டாலைக் கட்ட முழங்காலால் அழுத்திய அப்பா, கூஜா, மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டிய இட்லி, பல்லார்ஷாவில் இறங்கித் தண்ணீர் பிடித்துவிட்டு வண்டி நகர்ந்ததும் ஓடி வந்தவர், மேல் பெர்த்தில் தலைகீழாகத் தொங்கிய பிள்ளைகள். என் ஆல்பத்தில் மறுபடி மறுபடி நான் எடுத்துப் பார்ப்பது, பல்லார்ஷா தாண்டி வார்தா ஆறு வருகிற நேரத்தில் என் நான்கு வயது மகன் கூஜாவைத் தலைக்கு மேல் தூக்கிக் குடிக்கிற படம். சட்டையெல்லாம் தண்ணீர். தாஜ்மகாலை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நம் கூஜாவை நாம்தான் எடுக்க வேண்டும்.

பயணப் படம் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஓடும் வண்டியின் கதவில் தொங்கிக்கொண்டும், தண்டவாளத்தின் நடுவில் நின்றும் செல்போனில் படம் எடுக்கும் பிள்ளைகளை வீட்டில் கண்டியுங்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி அனுமதியில்லாமல் பாதையில் நுழைவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குப் போகிறவர்கள் எங்கள் கேங்மேன்கள்தான். நான் அவர்களோடு போயிருக்கிறேன். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

நான் பெரும்பாலும் வேலை பார்த்தது சத்புரா குறுகிய பாதையில், இரண்டரை அடி அகலம். சேர்ந்த புதிதில் நீராவி என்ஜின்களும் ஓடிக்கொண்டிருந்தன. நைன்பூர், சிந்த்வாரா என்று ஐந்து குவார்ட்டர்ஸ் மாறினோம். டிரான்ஸ்பர் வந்து லாரியில் சாமான் ஏற்றியதும், பூட்டிய கதவுக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். தலை வாரவில்லை, புடவையில் அடுப்புக்கரி, இந்தக் கோலத்திலா என்பார். ஆனால் அந்த ஐந்து படங்களிலும் சுவரில் குவார்ட்டர்ஸ் எண் தெரிகிறது. சாமானோடு சாமானாகச் சிக்ரி அடுப்பு, கயிற்றுக் கட்டில், வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலர் எல்லாம் தெரிகிறது. இன்று சிக்ரி என்றால் பேரனுக்குப் படத்தில் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாக்பூர்–சிந்த்வாரா குறுகிய பாதை 2015-ல் மூடப்பட்டது, அங்கே இப்போது அகலப் பாதை. எஞ்சிய என்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் நாக்பூரில் உள்ள குறுகிய பாதை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை இருக்கிறது. என்ஜினுக்குக் கொடுத்த மரியாதையை நம் அத்தைமார்களுக்கும் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் இளைஞர்கள் ஒன்று சொல்வார்கள். என் மகனே சொன்னான். “அப்பா, போனே தேதி போட்டுடுது, எடம் போட்டுடுது, மூஞ்சியப் பாத்து ஆளையும் பிரிச்சு வச்சிடுது. நீங்க ஏன் பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

நியாயமான கேள்வி. போன் தேதியையும் இடத்தையும் படத்தோடு சேர்த்து வைக்கிறது, உண்மை. ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவும் குறைகிறது, உள்ளே இருந்த தேதியும் இடமும் நீங்கிவிடுகின்றன. சொந்தக்காரர்களிடம் நாம் படம் வாங்குவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அவை அப்படியே வரும், அதை எத்தனை பேர் செய்கிறோம்? பழைய ஆல்பத்தைப் போனில் படம் பிடித்தாலோ, 1965-ல் நடந்த கல்யாணத்துக்குப் போன் இன்றைய தேதியைப் போடும். முகங்களைப் பிரித்து வைக்கும் வித்தையும் அப்படித்தான். இந்த நூறு படத்திலும் ஒரே ஆள் என்று சொல்லும். அவர் யார் என்று யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் போன் பிடிக்காத தலைமுறை.

ரயில்வேயில் ஓய்வு பெறுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று பென்ஷன் காகிதங்களோடு கொடுக்க வேண்டும். நாளைக்குக் குடும்ப பென்ஷன் வாங்க வருபவர் இவர்தான் என்பதற்கு அது சாட்சி. அந்தப் படத்தை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார்கள், அதிகாரி ஒப்பம் வேண்டும். இவர் இன்னார் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை சர்க்காருக்குக்கூடப் படம் படமில்லை.

எழுதுவது என்று வந்தால் எதை எழுதுவது? ‘கும்பகோணத்து அத்தை’ என்று எழுதினால் எனக்குப் புரியும். என் மகனுக்குப் பாதி புரியும். பேரனுக்கு, கும்பகோணத்தில் யாரோ ஒரு ஆன்ட்டி. நம் வீடுகளில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதனால் பெரியவர்களின் முழுப் பெயரே பலருக்குத் தெரியாது. முழுப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், யாருக்கு என்ன உறவு, ஊர், வருஷம், இந்த ஐந்தும் வேண்டும். ‘அப்பாவின் இரண்டாவது தங்கை’ என்று எழுதுவதைவிட, அந்த அப்பாவின் பெயரையும் எழுதுவது நல்லது. ‘அப்பா’ என்பது எழுதியவருக்குத்தான் அப்பா.

எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் எனக்கும் சங்க நண்பர்கள் சிலருக்கும் மனத்தாங்கலே உண்டு. தமிழில் மட்டும்தான் எழுத வேண்டும், அப்போதாவது பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள் என்பது அவர்கள் வாதம். நல்ல எண்ணம்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவன்தான் நானும். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் கையெழுத்தைப் படிப்பார்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அச்சு எழுத்தையே கூட்டிக் கூட்டிப் படிக்கிறார்கள். பாட்டியின் பெயர், பிள்ளைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பாடப் புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. நான் மேலே தமிழிலும் கீழே ஆங்கில எழுத்திலும் எழுதுகிறேன். மேலே இருப்பதைப் படிக்க ஆசை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பெயர் போய்ச் சேரும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்னால் மிருதுவான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் போடும். கலர் படங்களின் வழவழத்த தாளில் பென்சில் பிடிக்காது, அழியாத மை பேனாவால் எழுதி நன்றாக உலர்ந்த பிறகு அடுக்குங்கள். கல்யாணக் கூட்டப் படம் என்றால் இன்ஜினியர் வழி ஒன்று சொல்கிறேன். படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து, தலைகளை மட்டும் வட்டமாக வரைந்து, வெளியே எடுத்த பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் எண் கொடுங்கள். கீழே பட்டியல். தெரியாத தலைக்கும் எண் உண்டு, பெயரை விட்டுவிடுங்கள். வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா ‘17-ம் நம்பர் எனக்குத் தெரியும்’ என்று போனில் சொல்வார். எங்கள் வீட்டில் அப்படி மூன்று பேர் கிடைத்தார்கள்.

சங்க நூலக அறையில் இந்த மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை இருக்கிறேன், செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு ஸ்கேனரும் ட்ரேசிங் பேப்பரும் வைத்திருக்கிறேன், கட்டணம் ஏதும் இல்லை. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், இரண்டாவது மாடிதான், லிஃப்ட் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பசையில் ஒட்டி வைக்கிற ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வர வேண்டாம், கிழிந்துவிடும். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள்.